கதவில் நின்றவள் சொன்னது சரி

பதினோராங்கட்டைத் தோட்ட முன்னாள் மக்கள் நற்பணி மன்றத்தின் தலைமைப் பொறுப்பைத் தளராமல் தாங்கிவரும் தகைசால் பெரியவர் சின்னையா அண்ணன் அவர்களே! கையில் கேமராவும் கண்ணில் கனிவும் குறையாத செயலாளர் மாயாண்டி அண்ணன் அவர்களே! ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த, பட்ட பாட்டை யாரிடமும் பாடிக் காட்டாத தாய்மார்களே! சிலிம் ரிவரிலிருந்து பஸ் பிடித்து ஈப்போ வந்து சேர்ந்த பெரியோர்களே! பின்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அலுவலகத் தோழர்களே! மூன்றாம் வரிசை ஓரத்தில், நான் அழைத்த ஒரே காரணத்துக்காக வந்து, இதுவரை ஒருமுறைகூடக் கை தட்டாமல் அமர்ந்திருக்கும் பத்து காஜா ஊர் ஜொஹரா பீவி அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சுரேனின் வணக்கம்.

கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிடுகிறேன். புழுக்கமாக இருக்கிறது. "ஏசி நல்லாத்தானே ஓடுது" என்கிறார் முன்வரிசை அண்ணன். ஏசி ஓடுகிறது அண்ணே, எனக்குத்தான் உள்ளே புழுங்குகிறது.

என்னை எதற்காக அழைத்தீர்கள்? அழைப்பிதழ் சொல்கிறது. பளபளக்கும் தாளில், படித்தால் நெஞ்சு நிமிரும் தமிழில், மூன்றாம் வரியில் சொல்கிறது. "உடனிருந்தே குழி பறித்த துரோகத்தைத் தூளாக்கி, கடல் கடந்து கொடி நாட்டிய எங்கள் தோட்டத்துத் தங்கம் அரண் சுரேன் அவர்களுக்குப் பாராட்டு விழா!" எழுதியவர் யார்? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். ஓகோ, மாயாண்டி அண்ணன்தானா! அருமை அண்ணே. அந்த வரியைப் படித்ததிலிருந்து நான்கு நாட்களாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் தெரியுமா? அந்தத் துரோகி யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

கை தட்ட வேண்டாம். தட்டினால் பிறகு வருத்தப்படுவீர்கள்.

தாய்மார்களுக்காக முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்குள் திருடன் எந்த ஓட்டை வழியாக நுழைவான் என்று அரண் நிறுவனத்தில் நாங்கள் முன்கூட்டியே தேடுவோம். கண்டுபிடித்த ஓட்டையை அந்த நிறுவனத்திடம் மட்டும் சொல்வோம், அடைத்துக் கொடுப்போம். வேறு எவரிடமும் வாய் திறக்க மாட்டோம். எட்டு ஆண்டுகள், ஒரு கடைவீட்டின் மாடியில், மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் அந்த வேலையைச் செய்தேன். உள்ளூரில் எத்தனை கதவு தட்டினேன்! எத்தனை வாசலில் நின்றேன்! "ஈப்போ கம்பெனியா? கோலாலம்பூர்ல ஆபீஸ் இல்லையா?" என்றார்கள். "கம்ப்யூட்டர் படிச்சவனா? நம்ம பிரிண்டர் ஓட மாட்டேங்குது, கொஞ்சம் பாரு லா" என்றார்கள். பிரிண்டரையும் பார்த்துக் கொடுத்தேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

போன ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம், நெதர்லாந்திலிருந்து ஒரு கப்பல் சரக்கு நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. என்ன அண்ணே? பேரா? பேரைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும். உள்ளூரில் ஒருவன் திரும்பிப் பார்க்காத என்னை, உலகத்தின் மறுகோடியிலிருந்து ஒருவன் தேடி வந்து வேலை கொடுத்தான். அந்தச் செய்தி மன்றத்துக்கு எட்டியது. தானாக எட்டவில்லை, நானே எட்ட வைத்தேன். ரகசியம் காப்பதே தொழிலாகக் கொண்டவனுக்கு அந்த ஒரு வாரம் வாய் நிற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மன்றத்திலிருந்து ஏழு பேர் வந்தீர்கள். மாலை, பொன்னாடை, ஒரு சீப்பு வாழைப்பழம், லட்டு டப்பா, மாயாண்டி அண்ணனின் கேமரா. கதவில் ஒரு பெண் நின்றாள். என்னிடம் மூன்று ஆண்டுகளாக வேலை செய்த பெண். வேலை நடக்கும் அறைக்குள் வெளியாள் யாரும் நுழையக் கூடாது என்பது விதி. எழுதியவன் நான். அன்றைக்கு வாசல் பொறுப்பு அவளுடையது. "ஐயா, எல்லாரும் இங்க முன்னால உக்காருங்க. தண்ணி கொண்டாரேன். பாஸ் வெளிய வருவாரு, இங்கயே மாலை போடலாம்" என்றாள்.

சின்னையா அண்ணே, நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "என்னம்மா, எங்கள வாசல்லயே நிப்பாட்டுற? நாங்க என்ன திருட வந்தவங்களா லா? அந்தப் பையன் சட்ட இல்லாம ஓடுனப்பவே தூக்கி வளத்தவன் நான்!" தலையாட்டுகிறார், நினைவிருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை அண்ணே. பாசத்துக்கு விதி தெரியாது. விதி தெரிந்தவன் நான்தானே?

சத்தம் கேட்டு நான் வந்தேன். அவள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பாஸ், போர்டு அழிக்கல. பத்து நிமிஷம் குடுங்க. இல்லாட்டி வெளியவே வச்சிக்கலாம்." அந்தப் பலகையில் என்ன இருந்தது? அந்த நெதர்லாந்து நிறுவனத்தின் பேர் இருந்தது. அவர்களுடைய கணினிகளில் நாங்கள் கண்டுபிடித்த பதினான்கு ஓட்டைகளும், எது எங்கே என்று வரிசை எண் போட்டு இருந்தன. பத்தே பத்து நிமிடம் கேட்டாள். கொடுத்தேனா? பெரியவர்கள் முன்னால் என் கெத்து குறைந்துவிடும் என்று பயந்தேன். "நம்ம ஆளுங்கம்மா, விடு" என்றேன்.

அதோடு நின்றதா? மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது, படம் எடுக்க மாயாண்டி அண்ணன் என்னைச் சுவர்ப் பக்கம் நிறுத்தினார். அப்போது ஒரு குரல் கேட்டது. "அண்ணே, போர்டும் தெரியுற மாதிரி எடுங்க. அப்பத்தான் பெரிய கம்பெனி மாதிரி இருக்கும்." சொன்னது யார்? அந்தப் பெண்ணா? இல்லை. சின்னையா அண்ணனா? இல்லை. நான். வாய் நிறைய லட்டுடன் நான்தான் சொன்னேன்.

நண்பகலுக்குள் படம் முகநூலில் ஏறியது. பதினோரு வாட்சாப் குழுக்களில் பரவியது. வாழ்த்து, வாழ்த்து, வாழ்த்து! மூன்றாம் நாள் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. "எங்கள் ஓட்டைகளை அடைக்கச் சொன்னோம். நீங்கள் படம் பிடித்து மாட்டியிருக்கிறீர்கள். இன்றோடு முடித்துக்கொள்கிறோம். வெளியாட்களை உள்ளே விட்டது யார் என்று எழுத்தில் பதில் வேண்டும்."

யார்? வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தக் களேபரத்திலும் அவள் ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கி, மணியைக் குறித்து, அடியில் தானும் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒழுங்காக வேலை செய்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியையே நான் அவளுக்கு எதிராகத் திருப்பினேன். "வாசல் பொறுப்பிலிருந்த ஊழியர் விதியை மீறினார். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்." இதுதான் நான் எழுதிய பதில். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதை நான் ஈப்போவில் உட்கார்ந்து செய்து காட்டினேன்.

அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "பாஸ், நான் வேணாம்னுதானே சொன்னேன்?" என்றாள். "சொன்னம்மா. ஆனா கம்பெனி பொழைக்கணும் லா" என்றேன். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நீங்கள் மட்டும் சும்மா இருந்தீர்களா? அவள்தான் ஒப்பந்தத்தைக் கெடுத்தாள் என்ற என் பேச்சு எட்டியதும், அந்த வாரம் வாட்சாப் குழுக்களில் எழுதினீர்களே! "நம்ம ஆளா இருந்தா இப்படிப் பண்ணுவாளா? வேற ஆளுங்கள வேலைக்கு வச்சா இப்படித்தான்." எழுதியவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். படித்துவிட்டுத் தலையாட்டியவர்கள் இந்த மண்டபம் நிறைய இருக்கிறீர்கள். யாரய்யா வேற ஆளு? என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். அவள் தாத்தாவும் அதே நாகப்பட்டினத்தில்தான் ஏறினார். என் தாத்தா ரப்பர்ப் பால்வாளி தூக்கினார், அவள் தாத்தா கடை போட்டார். வீட்டில் நான் பேசும் தமிழைத்தான் அவளும் பேசுகிறாள். அவள் தொழப் போகிறாள், நான் கோயிலுக்குப் போகிறேன், அதனால் அவள் வேற ஆளா? அந்த வரிக்குக் கீழே நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுத்து எழுதினேனா? கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது. சொல்லும்போது நாக்குக் கூசுகிறது.

என்னம்மா? எழுந்து நிற்கிறீர்களே, சொல்லுங்கள். மைக்கில் நானே திருப்பிச் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும். ஜொஹரா பீவி அம்மா சொல்கிறார்கள்: "அந்தப் பொண்ணு, அந்தப் பொண்ணுங்குறீங்களே தம்பி. ஏசுனப்ப எல்லாரும் பேரு சொல்லித்தானே ஏசுனாங்க? அவளுக்குப் பேரு இருக்கு." உண்மைதான் அம்மா. மன்னியுங்கள். அவள் பேர் ரஸ்னா. ரஸ்னா பிந்தி லியாகத் அலி. லியாகத் அலிக்கும் இந்த அம்மாவுக்கும் பிறந்த மகள்.

ரஸ்னாவுக்கு அதன்பிறகு வேலை கிடைக்கவில்லை. எங்கே விண்ணப்பித்தாலும் அங்கிருந்து எனக்குத்தான் போன் வரும். "உங்களிடம் இருந்தவராமே, எப்படிப்பட்டவர்?" நான் கெட்டது சொல்லவே இல்லை. சத்தியமாக இல்லை. "அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை" என்பேன். அது போதுமே! நான்கு நிறுவனங்களிடம் அப்படிச் சொன்னேன்.

இந்த ஆண்டு ஜகார்த்தாவிலிருந்து ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம் கூப்பிட்டது. இருநூறு கேள்விகள் கொண்ட படிவம் அனுப்பினார்கள். நூற்று நாற்பத்து மூன்றாம் கேள்வி: உங்கள் நிறுவனத்திலிருந்து எப்போதாவது தகவல் கசிந்ததா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? அதே பொய்யை மறுபடி எழுதினேன். "கறாரான நிறுவனம்" என்று பாராட்டினார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று இந்த மாலை எதற்காக விழுந்ததோ, அந்த ஒப்பந்தம் ரஸ்னாவின் பேரைக் கெடுத்து வாங்கியது.

கையெழுத்தான மறுவாரம் ஒரு வேலையாகப் பத்து காஜா போனேன். பசி. கண்ணில் பட்ட ரொட்டிக் கடையில் நுழைந்தேன். கல்லாவில் ரஸ்னா இருந்தாள். அது அவள் அப்பா கடை என்று எனக்குத் தெரியாது. இந்த அம்மாதான், நான் யார் என்று தெரியாமல், "சாப்புடுங்க தம்பி, சூடா இருக்கு" என்று ரொட்டியும் பருப்புக் கறியும் வைத்தார்கள். அம்மா அடுப்பங்கரைக்குப் போனதும் ரஸ்னா கல்லாவிலிருந்தே கேட்டாள். "பாஸ், போன வாரம் சிங்கப்பூர் கம்பெனியில இருந்து உங்களக் கூப்பிட்டாங்களாமே. என்ன சொன்னீங்க?" நான் ரொட்டியைப் பிய்த்தேன். "ஒண்ணும் சொல்லலையாம். அதான் வேணாம்னுட்டாங்க" என்றாள். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். ஓடிவந்து உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள்! அதற்குப் பிறகும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று மாதத்தில் இரண்டு கல்லூரிகளில் பேசினேன். தலைப்பு என்ன தெரியுமா? நம்பிக்கை!

பிறகு உங்கள் அழைப்பிதழ் வந்தது. குழி பறித்த துரோகம்! என் அழுக்குப் பொய்யை அழகுத் தமிழில் அச்சில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முந்தாநாள் பத்து காஜா போனேன். அந்த அம்மாவிடம் நான் யார் என்று சொன்னேன், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ரஸ்னாவைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். அவள் சொன்னாள்: "எழுதி அனுப்புங்க பாஸ், அது போதும். வேலைக்கு மட்டும் கூப்பிடாதீங்க. நான் வேணாம்னு சொன்னா கேக்குற எடமாப் பாத்துப் போயிக்கிறேன்." இதற்கு மேல் ஒருவனை யாராவது செருப்பால் அடிக்க முடியுமா?

சீட்டு வருகிறது. தலைவர் அனுப்பியிருக்கிறார். "போதும் தம்பி, சாப்பாடு ஆறுது." ஆறட்டும் அண்ணே. ஒன்றரை ஆண்டாக ஒரு பெண் ஆறாமல் இருக்கிறாள், சாம்பார் கொஞ்சம் ஆறினால் என்ன?

நேற்றுக் காலை ஜகார்த்தாவுக்கும் நெதர்லாந்துக்கும் எழுதினேன். தடுத்தவள் ரஸ்னா, மீறியவன் நான், பொய் சொன்னவனும் நான் என்று என் கையெழுத்துப் போட்டு எழுதினேன். அவளைப் பற்றி விசாரித்த நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் எழுதினேன். இன்று நான்கு மணிக்கு ஜகார்த்தாவின் பதில் வந்தது. ஒப்பந்தம் ரத்து. என் தோழர்களை மதியமே எச்சரித்திருந்தேன், பதில் வந்ததும் சொல்லிவிட்டேன். ஆம் தாய்மார்களே, உண்மைதான். நீங்கள் பாராட்ட வந்த வெற்றி இப்போது இல்லை.

முணுமுணுப்புக் கேட்கிறது. "உண்மையை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்கிறார் ஒருவர். சொன்னேனே அண்ணே! நேற்று மாலை ஆறு மணிக்கு, அவளை ஏசிய அதே பதினோரு குழுக்களிலும், நான் செய்த அத்தனையையும் எழுதிப் போட்டேன். மன்றத்தின் குழுவில் மட்டும் யார் யார் படித்தார்கள் என்று இந்தப் போனில் பார்த்தேன். நூற்று எண்பத்து நான்கு பேர். இந்த மேடையில் இருக்கும் ஆறு பேரும் அதில் உண்டு. ஒருவர் பதில் போட்டீர்களா? ஒருவர் "ஐயோ பாவம், அந்தப் புள்ள" என்றீர்களா? சின்னையா அண்ணன் மட்டும் போன் செய்தார். "அதெல்லாம் மேடையில பேசாத தம்பி. மண்டபம் புக் பண்ணியாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு" என்றார். ஆக, என்னை ஏமாற்றுக்காரன் என்று தெரிந்துகொண்டுதான் எனக்கு மாலை போட்டீர்கள். அவள் குற்றமற்றவள் என்று தெரிந்துகொண்டுதான் அந்தத் துரோக வரியை ஒலிபெருக்கியில் வாசித்தீர்கள். என் பொய்யாவது பயத்தில் சொன்ன பொய். உங்களுக்கு என்ன பயம்?

ஜொஹரா பீவி அம்மா, உங்கள் மகளிடம் போய்ச் சொல்லுங்கள். கதவில் நின்று அவள் சொன்னது சரி. உள்ளே விட்டவன் செய்தது தப்பு. அதை இத்தனை பேர் முன்னால் சுரேன் சொன்னான், ஒருவர்கூட எழுந்து மறுக்கவில்லை, ஒருவர்கூட எழுந்து மன்னிப்பும் கேட்கவில்லை என்று, பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் என் நன்றி. படித்தும் பேசாமல் இருந்த நூற்று எண்பத்து நான்கு பேருக்கும், பேர் பேராக, என் வணக்கம்.