பத்து மீட்டர் பின்னாடி

அநியாயமில்லாம வேற என்னம்மா இது? விழத்தட்டுனது எம்பிள்ளை. அவளே பத்து மீட்டர் பின்னாடி போயி கைகட்டி நிக்கணுமாம்! எந்த ஊரு நியாயம்?

உறைமோருதானே, தாரேன், இருங்க பார்கவி. கடைசி வீட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்க, உங்ககிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்ல? எம்மவ நிக்கோல் ஞாயித்துக்கிழமைல இருந்து எங்கூட ஒரு வார்த்தை பேசல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்கா. எல்லாம் இந்த ரக்பி லீக் ஆஃப்சைடால! பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தி ஓடுவா, எதிர்க்கட்சிக்காரி விழத்தட்டுவா, அந்த வெளையாட்டு.

புரியலையா? எனக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்! அவ டாடி டக்ளஸ், கிண்ணத்துல பஜ்ஜியைத் தள்ளித் தள்ளிக் காட்டுனாரு. பஜ்ஜிதான் தீந்துச்சு. நில்லுங்க, செருப்பை வச்சுச் சொல்லுதேன். உங்க செருப்பைக் கழட்டுங்க... அட, சும்மா கழட்டும்மா!

இந்தா, உங்க செருப்பு பந்து வச்சிருக்கவ. டக்ளஸ் பூட்ஸு எங்க கட்சி. பூட்ஸு செருப்பைத் தள்ளியாச்சா? செருப்பு எந்திரிச்சு, பந்தைக் காலால பின்னாடி உருட்டும். அதுவரைக்கும் பூட்ஸு கட்சில ரெண்டே பேரு எதுக்க நிக்கலாம். மத்தவ எல்லாம் பத்து மீட்டர் தள்ளி, ரெஃப்ரி நிக்க எடத்துக்குப் போயிரணும். போகலியா... ஆஃப்சைடு! ஆமா, இப்ப நல்லாத்தான் சொல்லுதேன். அன்னைக்குத் தெரியலையே.

ஞாயித்துக்கிழமை ஃபைனலு. ரெண்டு கட்சியும் சமம். முடியப்போற நேரம், எம்பிள்ளை எதிராளியை விழத்தட்டிட்டு, திரும்பிப் பின்னாடி ஓடுதா! எனக்கு வந்துச்சே ஆத்திரம்... சண்டைல பாதில ஓடுத வம்சமா நம்ம வம்சம்? எல்லைக் கயித்துக்கிட்டப் போயி ஒரே கத்து. "ஏட்டி நிக்கோல்! போகாத! அங்கனயே நில்லுட்டி! யாருக்குட்டி பயப்படுத?"

கிரவுண்டு பூரா மராட்டி, ஹிந்தி. நான் கத்துனது அவ ஒருத்திக்குத்தான் வெளங்கும். கழட்டிப் போட்ட துணியை மடிச்சு வைட்டின்னா இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. அன்னைக்குன்னு பாத்து, கேட்டுட்டாம்மா! பட்டுனு நின்னுட்டா. எதுக்க நிக்கத்தான் ஏற்கெனவே ரெண்டு பேரு இருந்தாளுவளாம்! விசிலை ஊதிட்டான் பாவி. பெனால்டி. அந்தக் கட்சிக்காரி உதைச்ச பந்து கம்பத்துக்கு நடுவுல போயிட்டு. கப்பு போச்சு. பெத்தவ பேச்சைக் கேட்டதுக்கு இப்படியா தண்டனை? நீங்களே சொல்லுங்க...

என்னம்மா, பின்னாடி பின்னாடியே போறீங்க? அடுப்புல பாலா? எங்க வீட்டுல கூடத்தான் கெடக்கு பாலு! செருப்பு... செருப்பு இங்க கெடக்கும்மா! ஆஃப்சைடுல நிக்கு! உறைமோரு வேண்டாமா?

சாத்திட்டா. வெறுங்காலோட போயிட்டா புண்ணியவதி. இங்கேருந்து அவ வாசல்... பத்து மீட்டர்தான் இருக்கும்.

ஏட்டி நிக்கோல்... கதவைத் தொறட்டி. அம்மா தள்ளியே நிக்கேன். ஒண்ணும் பேசல. இந்தா பாரு, ஃப்ரிட்ஜைத் தாண்டிப் பின்னாடி போயிட்டேன்.