அப்பா திரும்பிப் போன நாள்

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

யாரோ கத்த, விழுகிறேன். சேற்றில் முகம். ஷெல் தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போகிறது. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. எங்கோ பின்னால் வெடிக்கிறது. எழும்பி நடக்கிறேன்.

1995 ஐப்பசி. மழை. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணமே ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தில் நெரிந்தது. முன்னால் அப்பா. சைக்கிளில் அரிசி மூட்டை. அதன் மேல் பொலித்தீனில் சுற்றிய வேதப் புத்தகம். அவர் எங்கள் வேதக் கோயில் உபதேசியார்.

சாவகச்சேரியில் ஒரு வகுப்பறை. ஐந்து குடும்பம் அதில் தங்கினோம். பின்னேரங்களில் அப்பா ஒரே பகுதியைத்தான் வாசித்தார். பள்ளத்தாக்கு நிறைய உலர்ந்த எலும்புகள். எபிரேயத் தீர்க்கதரிசி பேசுகிறார். எலும்புகள் ஒன்றோடொன்று சேருகின்றன. உயிர் வருகிறது. சிதறிய சனம் தன் மண்ணுக்குத் திரும்புகிறது. கேட்டவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். நானும் நம்பினேன்.

தை மாதம். காலை. அப்பா சேர்ட்டை மாட்டினார்.

"வீட்டைப் பாத்திட்டு வாறன், பிள்ளை."

"பாதை திறக்கேல்லை, அப்பா. போகாதேங்கோ!"

"திரும்பி வருவீங்கள் எண்டு சொன்னவர் பொய் சொல்லமாட்டார்."

அதே வகுப்பறையில் இருந்த அந்தோனி அண்ணனும் இன்னும் ஏழு பேரும் அவரோடு போனார்கள். வாசல் வரை போனேன். கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

பத்து மணி. மேற்கில் மூன்று வெடிச் சத்தம். கொஞ்சம் பொறுத்து இரண்டு. மத்தியானம் அந்தோனி அண்ணன் தனியே ஓடி வந்தார். காதிலிருந்து இரத்தம். அப்பாவோடு போனவர். நாங்கள் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை.

1999. அமெரிக்காவில் சான் ஹோசே. வாடகை மண்டபத்தில் ஞாயிறு ஆராதனை. பாஸ்டர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பெடியன். நல்லவர். எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது அவருக்கு.

"அக்கா, அந்த எலும்புப் பகுதியை வாசிச்சிட்டு ஒரு சாட்சி சொல்லுங்க. ஹோப்ஃபுல்லா முடிங்க."

வாசிக்கிறேன். உயிர் வரும் இடத்தில் வாசிப்பதை நிறுத்துகிறேன். வெளியே ஃப்ரீவே இரைகிறது. எங்கள் ஆட்களின் உடல்களை எடுக்க எவரும் போகவில்லை. போக விடவுமில்லை. எந்த எலும்போடு எந்த எலும்பு சேரும்?

"ஆமென் சொல்லுங்க அக்கா," பாஸ்டர் மெல்லச் சொல்கிறார்.

புத்தகத்தை மூடுகிறேன். இதைத்தான் சொல்கிறேன்.

அப்பா, அறுபத்திரண்டு. அந்தோனி அண்ணனின் மனைவி ரோசலின், முப்பத்தெட்டு. அவர்களுடைய இரட்டைப் பெண்கள், ஒன்பது. மரியதாஸ் மாஸ்டர், அவர் மனைவி. பக்கத்துப் பாயில் படுத்த சகோதரர்கள் இருவர். அவர்கள் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை.

திரும்பாதவர்கள் எட்டுப் பேர். புதைத்த குழி ஒன்றுகூட இல்லை.