நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் போதகர் ரஜிதன் அவர்களே, சபை மூப்பர்களே, முன்வரிசையில் இருக்கும், குணரத்தினம் அண்ணனின் துணைவியார் செல்வநாயகி அக்கா அவர்களே, ஈஸ்ட் டாமாக்கிக் கிடங்கில் அண்ணனோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, இன்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தோழர்களே, கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தும் எங்களோடு வந்து உட்கார்ந்திருக்கும் பாபடோயிட்டோய் அயலாரே, உங்கள் எல்லோருக்கும் கர்த்தரின் சமாதானம் உண்டாகட்டும்.

நான் இன்பராஜ், இந்தத் தமிழ்ச் சபையின் செயலாளர். மைக் கிடைத்தால் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். போதகர் பத்து நிமிடம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம் சகோதரர் ஜேம்ஸ் குணரத்தினம் அவர்களுக்கு இந்தச் சபையில் என்ன பதவி? மூப்பரா? இல்லை. பொருளாளரா? இல்லை. பாடகர் குழுவில் இருந்தாரா? அவர் பாடிக் கேட்டவர்கள் அந்தக் கேள்வியையே கேட்க மாட்டார்கள். பத்தொன்பது வருடம் அவர் இந்த மண்டபத்தில் நாற்காலி போட்டார், அவர் பேச்சில் சொன்னால் கதிரை. அதுதான் அவருடைய ஊழியம்.

இந்த மண்டபம் நம்முடையது அல்ல. காலையில் ஆங்கிலச் சபை, இரண்டு மணிக்கு நாம், ஐந்து மணிக்குச் சமோவா சபை. ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நாம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக வரும்போது நாற்காலிகள் தாமாக வரிசையில் வந்து நின்றனவா? அப்படித்தான் நாம் நினைத்திருந்தோம் போலிருக்கிறது.

ஆரம்ப வருடங்களில் நடுவே ஒரு பாதை இருக்கும். யாழ்ப்பாணத்தார் இடப்பக்கம், இந்தியர்கள் வலப்பக்கம். மலேசியக் குடும்பங்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பார்கள். யாரும் சொல்லி வைத்த ஏற்பாடு அல்ல, ஆனாலும் யாரும் மாறி உட்கார்ந்ததில்லை. ஒரு ஞாயிறு வந்து பார்த்தால் நாற்காலிகள் அரைவட்டமாக நிற்கின்றன. நடுப்பாதையைக் காணோம். கமிட்டியில் ஒரே முணுமுணுப்பு. நான் கோபமாக அவரிடம் போய்க் கேட்டேன், "யாரைக் கேட்டு மாத்தினீங்கண்ணே?"

"ஒருத்தரையும் கேக்கேல்லைத் தம்பி. கேட்டிருந்தா நீங்கள் அதுக்கொரு மீட்டிங் வைச்சிருப்பீங்கள்."

அன்றிலிருந்து இன்றுவரை அரைவட்டம்தான். இப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

இனி என் தவறுக்கு வருகிறேன். நான்கு வருடத்துக்கு முன் பதினைந்தாம் ஆண்டு விழா. நன்றியுரை இல்லாமல் நமக்கு எந்த விழாதான் முடிந்திருக்கிறது? மைக் செட் வைத்தவர், அண்டா இறக்கியவர், கார் நிறுத்த இடம் காட்டியவர் என்று நாற்பத்தொரு பெயர்களைப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அன்று இருநூறு நாற்காலி போட்டவரின் பெயர் அதில் இல்லை. எப்படி விட்டுப்போனது? வாராவாரம் நான் மெசேஜ் அனுப்பி நினைவூட்டுகிறவர்களின் பட்டியலிலிருந்து அந்தப் பெயர்களை எடுத்திருந்தேன். குணரத்தினம் அண்ணனுக்கு யாரும் ஒருநாளும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து எல்லர்ஸ்லியிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்தார்.

"என்ர பேரை விட்டது ஒண்டும் இல்லை. கண்மணியின்ர பேரை விட்டிட்டீர். அந்தப் பிள்ளை நேற்று மூண்டு மணித்தியாலம் அண்டா கழுவினது. இந்த நாட்டுக்கு வந்தே மூண்டு கிழமை. தன்ர பேர் வரும் எண்டு பின்னால எழும்பி நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு அங்க போம்."

போனேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் கண்மணி அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பரவால்லண்ணே. அடுத்த வாரம் வர வேணாம்னுதான் இருந்தேன்," என்றாள். அடுத்த வாரம் வந்தாள்.

ஆனால் அன்று அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பியபோது, செல்வநாயகி அக்கா கார்வரைக்கும் என்னோடு வந்தார். அக்கா, இதைச் சொல்வதற்கு நீங்கள் மன்னிக்க வேண்டும். "தம்பி, அவருக்கு ஒண்டும் வேண்டாம், அது உண்மை. ஆனா எனக்கு நொந்தது. பதினைஞ்சு வருசமா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தனியத்தான் சாப்பிடுறன்," என்றீர்கள். நன்றி சொல்ல வேண்டியது அவர் ஒருவருக்கு மட்டுமல்ல என்று அன்றுதான் புரிந்தது.

சரிசெய்யலாம் என்று அடுத்த ஈஸ்டருக்கு ஏற்பாடு செய்தேன். போதகர் பொன்னாடையோடு மேடையில் நிற்கிறார். ஆளைக் காணோம். கண்மணி கிச்சனிலிருந்து ஓடி வந்து, "சோறு அடிப்பிடிக்குதாம், இப்ப வர முடியாதாம்," என்றாள். அன்று சோறே வைக்கவில்லை, வெளியிலிருந்து வாங்கியிருந்தோம். எனக்கு வந்த கோபத்தைப் போதகர் அறிவார். பின்னால் போய், "உங்களுக்கு ஒரு வார்த்தை கேட்டா என்னண்ணே குறைஞ்சு போயிடும்?" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "கர்த்தருக்குப் போட்ட கதிரை, தம்பி. அவர் வந்து அதில இருந்தால் எனக்குப் போதும்."

மூன்று வாரத்துக்கு முன் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த முறையாவது நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடு போனேன். வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார், "ஞாயிற்றுக்கிழமை கதிரை ஆர் போட்டது?"

பொய் சொல்ல முடியவில்லை. யாராவது போட்டிருப்பார்கள் என்று எல்லோரும் இரண்டு மணிக்கு வந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆராதனை இருபத்தைந்து நிமிடம் தாமதம். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "கதவடிக் கதிரையை வைச்சனீங்களோ?" என்றார்.

கதவருகே தனியாக ஒரு நாற்காலி போடுவது அவர் வழக்கம். ஏர்போர்ட்டில் ஷிஃப்ட் முடித்துத் தாமதமாக வருகிறவர்கள் கூச்சமில்லாமல் உட்கார்வதற்காக. நாங்கள் வைக்கவில்லை. இல்லை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். நன்றி என் வாயிலேயே நின்றுவிட்டது.

இன்று எப்படியும் நான்தான் போட வேண்டும் என்று பன்னிரண்டரைக்கே வந்தேன். கதவு திறந்திருந்தது. அரைவட்டம் முக்கால்வாசி முடிந்திருந்தது. கதவருகே அந்த ஒற்றை நாற்காலியும் இருந்தது. போட்டுக்கொண்டிருந்த கண்மணிக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் கையில் ஒரு நாற்காலியைக் கொடுத்து, "அந்தப் பக்கம் ஆறு குறையுதுண்ணே," என்றாள்.

செல்வநாயகி அக்கா, நான்கு வருடம் தாமதமாக அந்த நாற்பத்திரண்டாவது பெயரைப் படிக்கிறேன். ஜேம்ஸ் குணரத்தினம். இன்று அவரால் கிச்சனுக்குள் போய் ஒளிந்துகொள்ள முடியாது. அவருக்கு இது வேண்டாம், அது உண்மை. இது உங்களுக்கு. உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டோம். அதற்காக இந்தச் சபை உங்களுக்கு நன்றி சொல்கிறது. இனி ஞாயிறு மதியம் உங்களைத் தனியாகச் சாப்பிட விடமாட்டோம். அடுத்த ஞாயிறு என் வீட்டில்.

சபையாரே, அவருடைய ஊழியத்தை நாம் தொடர்வோமா? தொடர்வோம் என்று கையைத் தூக்க வேண்டாம். ஐந்து மணிக்குச் சமோவா சபை வருகிறது. ஜெபம் முடிந்ததும் அவரவர் நாற்காலியை அவரவர் கொண்டுபோய்ச் சுவரோரம் அடுக்குவோம். தரையில் இழுக்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது. யார் பெயரையும் நான் படிக்கப் போவதில்லை.

கதவருகே இருப்பதை மட்டும் கடைசியாக எடுங்கள். ஷிஃப்ட் முடித்து யாராவது வந்துகொண்டிருப்பார்கள்.