கல்செடி வளர்ந்த விதம்

எங்கள் வீட்டில் யாரையும் தாகத்தோடு அனுப்பும் பழக்கம் கிடையாது. கரண்ட் ரீடிங் எடுக்க வருபவருக்கும் சொம்பு நீட்டப்படும். வேண்டாம் என்றால் அம்மா கோபித்துக்கொள்வார். நடந்தவற்றுக்கெல்லாம் காரணம் இந்த நல்ல பழக்கம்தான், சசிகலா மேடம். இன்று மாலை கண்காட்சி மண்டபத்தில் நீங்கள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "பிரேம்குமார், நடந்தத அப்படியே எழுதிக் குடு, ஒரு பக்கம் போதும்" என்றீர்கள். ஒரு பக்கம் போதாது போலிருக்கிறது. பின்பக்கமும் எழுதுகிறேன்.

போன வருடத் தீபாவளி லீவில் நம் தாவரவியல் துறையின் ஒரே கல்செடியை என்னிடம் கொடுத்து அனுப்பினீர்கள். பார்க்கக் கூழாங்கல் போலவே இருக்கும், நடுவில் ஒரு பிளவு, மாதத்துக்கு ஒரு மூடி தண்ணீருக்கு மேல் கூடாது என்று விளக்கினீர்கள். இவை எல்லாவற்றையும் பூலாம்பாடியில் என் அம்மா முத்தாயியிடம் விளக்கினேன். அம்மா செடியின் பிளவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயப் பொளந்துகிட்டு கெடக்குடா. தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காம என்னாடா படிப்பு படிக்கிற நீ?"

நான் பெரம்பலூருக்கு ஒரு வேலையாகப் போன நேரத்தில் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சின்ன வெங்காயத்துக்கு நடுவில், சொட்டுநீர்க் குழாய்க்கு நேராக வைத்துவிட்டார். மூன்றாம் நாள் செடி வெடித்திருந்தது. "நல்லாத்தான் குடிச்சிச்சு" என்றார் அம்மா, சாவு வீட்டில் பேசும் குரலில்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திவிட்டுப் போனவை சாலையோரம் நிறையக் கிடக்கும். நல்லதாக ஒன்றை எடுத்து வழவழப்பாகத் தேய்த்தேன். ஆக்சா பிளேடால் நடுவில் ஒரு கோடு கிழித்தேன். லீவு முடிந்து கொண்டுவந்து வைத்தபோது நீங்கள்தான் மேடம், "முன்னைக்கு இப்ப தெளிவா இருக்கே" என்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. தெளிவாகத்தான் இருந்தது.

டிசம்பரில் கண்காட்சி வந்தது. கள்ளி, கற்றாழை, பூச்சி தின்னும் செடி, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த செடி என்று கல்யாண மண்டபம் முழுக்கத் தொட்டிகள். நம் கல்லை மூன்றாம் மேசையில் வைத்தீர்கள். அங்கேதான் ஏலாக்குறிச்சி ஞானப்பிரகாசம் சார் வந்து நின்றார். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வெர்னியர் அளவுகோல் வைத்திருப்பவர். அரை மணி நேரம் நகரவில்லை.

"பதினொண்ணு வாங்குனேன் தம்பி. பதினொண்ணும் போயிருச்சு. ஜெயராணி டீச்சர் போனதுலேருந்து நான் தொட்டது எதுவும் தங்கமாட்டேங்குது. நீ எப்புடிக் காப்பாத்துன?"

"ஒண்ணும் பண்ணல சார். அப்படியே விட்டுட்டேன்."

இது பொய் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் அவருடைய மனைவி. இன்னும் ஒன்றை வளர்த்துப் பார்க்கப்போவதாகவும், அதுவும் போனால் தொட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற மற்றவர்களைப் போலத் தானும் டிவி பார்க்க உட்கார்ந்துவிடப்போவதாகவும் சொன்னார். டிவி என்று சொன்னபோது அவர் முகம் நன்றாக இல்லை. என்ன செய்தாலும் சாகாத செடி ஒன்று என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொடுத்துவிடலாமா என்று உங்களிடம் கேட்டேன். கல்லூரிக்கு நல்ல பெயர் என்று சம்மதித்தீர்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜனவரியில் பார்க்கப் போனேன். சார் கவலையாக இருந்தார். ஞாயிறு ஞாயிறாக வெர்னியரில் அளந்து நோட்டில் எழுதியிருந்தார். ஐந்து வாரமும் ஒரே அளவு.

"வளர மாட்டேங்குதே தம்பி. எங்கிட்ட வந்தா இதுக்கும் இப்புடி ஆயிருது பாரு."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், மேடம். அந்த இடத்தில் நீங்களாக இருந்தாலும் பஸ் ஏறி அரியலூர் வந்து, ஒன்றரை மில்லிமீட்டர் பெரிய கல் ஒன்றைத் தேடியிருப்பீர்கள். மறுநாளே திரும்பிப் போய், சார் டீ போட அடுப்படிக்குள் போன நேரத்தில் மாற்றி வைத்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை. கல் பொறுக்குவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். நிறம் ஒத்துப்போக வேண்டும். பிளவு அதே கோணத்தில் ஓட வேண்டும். மார்ச் மாதம் அவசரத்தில், நத்தைச் சுருள் பதிந்த பழங்காலத்துக் கல் ஒன்றை வைத்துவிட்டேன். நம் ஊர்க் கல்லில் அது சகஜம்தானே. சார் போன் செய்தார்.

"தம்பி, குருத்து விடுது தம்பி. சுருள் சுருளா!"

ஏப்ரலில் அந்தக் குருத்தை உதிரவைக்க நான் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு தாள் வேண்டும்.

சாருக்கு உடம்பு தேறியது. நடை மாறியது. நான் போகும் ஞாயிறுகளில் மீன் குழம்பு வைக்க ஆரம்பித்தார். ஒருமுறை சாப்பாட்டில் கைவைத்துக்கொண்டே கேட்டார்: "செடி வளர்ற வரைக்கும் நீ வருவல்ல?" வருவேன் என்றேன். "அப்ப வளரட்டும்" என்றார்.

ஜூனில் அவர் செய்த காரியத்துக்கு நான் பொறுப்பில்லை. டீச்சர் வைத்துவிட்டுப் போன முப்பது கள்ளித் தொட்டிகள் மாடியில் இருந்தன. சார் பயந்துகொண்டு தொடாமலே இருந்ததால் அவை பிழைத்திருந்தன. அந்த முப்பதும் கல்லுக்கு வெயிலை மறைக்கின்றன என்று ஒரு வேனில் ஏற்றி, "ஒன் கைராசிக்கு நல்லா வரும்" என்று பூலாம்பாடிக்கு அனுப்பிவிட்டார். வேன் வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். முப்பது பேர் விருந்துக்கு வந்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது நாளில் முடிந்தது. டீச்சரின் செடிகள் எப்படி இருக்கின்றன என்று சார் வாரம் தவறாமல் கேட்பார். அப்படியே இருக்கின்றன சார் என்பேன். இதுவும் பொய் இல்லை. முப்பது தொட்டியிலும் இப்போது கல்தான். அம்மா அவற்றுக்கும் சொட்டுநீர் விடுகிறார். ஒன்றுகூட வாடவில்லை. "இதுங்கதான் நம்ம வூட்டுத் தண்ணிக்கு ஒத்துப்போவுது" என்கிறார்.

இனி இன்றைய விஷயம். இந்த வருடக் கண்காட்சிக்கு சார் தானே கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். புதுச் சட்டை. கோயம்புத்தூரிலிருந்து வந்த நடுவர் அம்மா இடுக்கியால் தட்டியபோது வந்த சத்தம் உங்களுக்கும் கேட்டது. நல்லவேளை, சார் அப்போது கேன்டீனில் இருந்தார். நாளை மதியம் மேடையில், மைக்கில், இது கல் என்று அறிவிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதைச் செய்யாதீர்கள். என்னைக் கல்லூரியை விட்டு நீக்குங்கள், அம்மாவைக் கூப்பிட்டு விசாரியுங்கள். அவர் வந்தால் உங்கள் துறைச் செடிகளை மட்டும் மறைத்து வையுங்கள். சார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரியக் கூடாது.

நான் செய்ததை மறைக்கவில்லை. போன டிசம்பரில் கொடுத்தது ஒன்று, ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை மாற்றியவை பத்து. ஆக, சாரின் தொட்டிக்கு மட்டும் பதினொரு கற்கள், எல்லாம் என் கையால்.

ஆனால் நவம்பரில் செமஸ்டர் பரீட்சை. நான் ஏலாக்குறிச்சிக்குப் போகவேயில்லை. அந்த மாதம் கல் அப்படியே இருக்கும், சார் உடைந்துபோவார் என்று பயந்தேன். போன் வந்தது.

"தம்பி, நீ வராட்டியும் வளந்துருக்கு. ஒன்றரை மில்லிமீட்டர். அடுத்த ஞாயித்துக்கெழம வந்துரு, வெரால் சொல்லி வச்சிருக்கேன்."

பரீட்சை முடிந்ததும் போய் நானே அளந்தேன். வெர்னியர் பொய் சொல்லாது. சாரின் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, கிணற்றடியில் ஒரு ஆக்சா பிளேடு கிடந்தது, வேட்டியெல்லாம் சுண்ணாம்புத் தூள். வீட்டில் ஏதோ குழாய் வேலை போலிருக்கிறது. வயதான காலத்தில் இதையெல்லாம் ஆள் வைத்துச் செய்யலாம் என்று கண்டித்துவிட்டு வந்தேன்.

எனவே நடுவர் அம்மா தட்டியது நான் வைத்த கல் இல்லை. அது தானாக வளர்ந்தது. நான் தாவரவியல் மாணவன், எனக்கு வித்தியாசம் தெரியும். நாளைக்கு அதை யாரும் தட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், மேடம். பூ விடுகிற பருவம்.