காதுகுத்துக்குப் போகிறவள்

மடவார் வளாகம் நிறுத்தத்தில் பஸ் ஏறிய பெண், என் முன் இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம், டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டாள்: "காது குத்தி ரெண்டு நாளா ரத்தம் நிக்காத பிள்ளையப் பாத்திருக்கீகளா அக்கா?"

"யாரு பிள்ள?"

"எம் மகன். அதுலயே அவன் போயி நாலு வருசமாச்சு. மதுரையில ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, இது தாய்வழியா வார நோய், உன் தங்கச்சியையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வான்னாரு டாக்டர்."

"அவகிட்டச் சொன்னியா?"

"அப்பத்தான் அவளுக்குப் பூ வச்சிருந்தாக. கல்யாணம் நின்னுரும், மூச்சு விடாதன்னுட்டாக வீட்ல. நாளைக்கு ராஜபாளையத்துல அவ மகனுக்குக் காதுகுத்து. அங்கதான் போறேன்."

அம்மாள் பையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?"

"அவகிட்டச் சொல்லணும்ல, வாய்விட்டுச் சொல்ல வருதான்னு பாத்தேன் அக்கா. இன்னிக்குத்தான் வருது."