பன்னிரண்டு லைட், ஆள் சகிதம்

மூஸா: இல்லைன்னா இல்லைதான் வைரக்கண்ணு. காஸ் லைட் கடை வச்ச இருபத்தெட்டு வருசத்துல இல்லாததை இருக்குன்னு இந்த மூஸா சொன்னதில்ல...

வைரக்கண்ணு: இருக்கறதை இல்லைன்னு சொன்னதுமில்ல பாய். இன்னிக்குத்தான் போணி பண்றீங்க. உங்க தலைக்கு மேல வரிசையாத் தொங்குதே பன்னெண்டு, அது என்ன புடலங்காயா?

மூஸா: தொங்கறதெல்லாம் எரிஞ்சிடுமா? கையில என்ன, வெத்திலையா? கொடு முதல்ல. அடடா... கும்பகோணம் கொழுந்து! உனக்கு எங்கய்யா கிடைச்சுது?

வைரக்கண்ணு: கல்யாண வீடு. நாலு பேர் வர்றாங்க, வைக்கிறாங்க. போடுங்க. ஆனா வெத்திலை வாங்கினா வார்த்தை மாறக் கூடாது. நம்ம தொழில்ல அதுதானே பத்திரம்?

மூஸா: லைட் தூக்குற ஆளைத் தேடிப் போய் அவன் வாசல்ல வைக்கிற வெத்திலைக்குத்தான் அந்தச் சட்டம். அதை எடுத்துக்கிட்டா தலை கொடுத்தே ஆகணும். இது சும்மா வாய் செவக்கறதுக்கு. ரெண்டையும் குழப்பாதே.

வைரக்கண்ணு: சரி, குழப்பலை. நாளைக்குச் சாயங்காலம் எம் மக செவ்வந்திக்கு ஊர்வலம். பன்னெண்டு லைட்டும் வேணும். பெரிய தெரு வழியாப் போறோம்.

மூஸா: பெரிய தெரு வழியாவா...

வைரக்கண்ணு: ஏன் பாய், மெல்லறதை நிறுத்திட்டீங்க?

மூஸா: சுண்ணாம்பு கூடிப்போச்சு. அது சரி, லைட்டுக்குள்ள கட்டற மேண்டில் வலைக்குத் தட்டுப்பாடுப்பா. திருவாரூர்லயே சரக்கு இல்ல.

வைரக்கண்ணு: நேத்து நன்னிலம் சந்தையில நீங்க ரெண்டு டஜன் வாங்கினப்ப பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது மருதையன். எங்க மச்சான்.

மூஸா: மூணாம் நம்பர் லைட்டு மண்ணெண்ணெய் ஒழுகுது.

வைரக்கண்ணு: மூணு ஒழுகாது. ஒழுகினது ஏழு. ஆடியில ஈயம் பத்த வச்சுச் சரி பண்ணினோம். மூணு இடது பக்கம் சாயும், அதுக்குச் சும்மாட்டை ஒரு சுத்துக் கூடச் சுத்தணும். இருபது வருசமா என் தலையில உக்காந்து ஊர் சுத்தினதுங்க. எங்கிட்டயே அதுங்களைப் பத்திக் கோள் சொல்றீங்களே?

மூஸா: உன்கிட்ட வியாபாரம் பண்றதுக்குத் தூண் கிட்டப் பண்ணலாம்.

வைரக்கண்ணு: செவ்வந்தி அஞ்சாங்கிளாசுக்கு இங்கிலீசு நடத்துதுல்ல? நேத்துச் சொல்லுது. லைட்டுன்னா வெளிச்சமாம். கனமில்லாததுக்கும் அதே பேராம்.

மூஸா: கனமில்லாததா? எதுக்கு, இந்தக் காஸ் லைட்டுக்கா?

வைரக்கண்ணு: நானும் அதையேதான் கேட்டேன். ‘அம்மாடி, இது அதைத் தலையில தூக்காதவன் வச்ச பேரு’ன்னு சொன்னேன். அது சிரிக்கலை. என் கழுத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

மூஸா: இப்படி உக்காரு முதல்ல.

வைரக்கண்ணு: பத்த வைக்கிறதுக்கும் அதே சொல்லுதானாம் பாய்.

மூஸா: பாத்தியா வெள்ளைக்காரனை! ஒரே லைசென்சுல மூணு கடை நடத்தியிருக்கான். கமரு! வைரக்கண்ணு வந்திருக்கான், ரெண்டு டீ. எனக்கு லைட்டா.

கமருன்னிஸா: இந்தா, கொண்டாந்துட்டேன். நாலாவது கடையும் ஒண்ணு இருக்குங்க. அன்னிக்கு லைட் கலர் பொடவை எடுக்கச் சொன்னேன், வெளுத்துப்போன பழசுன்னு பேரம் பேசி எடுக்காம வந்தீங்களே! டீயை எடுத்துக்க தம்பி. இல்லைன்னு மேல ஏறி உக்காந்த மனுசன் கீழ இறங்கினாரா இல்லையா?

வைரக்கண்ணு: இறங்கலைக்கா. ஒழுகுது, ஓடுதுன்னு ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு வியாதி சொல்றாரு.

கமருன்னிஸா: ஏங்க, வாயில வெத்திலையை வச்சுக்கிட்டா பொய் சொல்றது? நம்ம மவன் லத்தீபு காய்ச்சல்ல கிடந்தப்ப, வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில தோள்ல தூக்கிட்டு ஓடினது யாரு? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

மூஸா: கமரு, நீ உள்ள போ...

கமருன்னிஸா: போறேன், சொல்லிட்டு. தம்பி, காலையில ஏழு மணிக்கே மிராசு வீட்டுக் கணக்கப்பிள்ளை ரெத்தினம் வந்துட்டாரு. பன்னெண்டு லைட்டும் நாளைக்கு அவங்களுக்குப் பேசியாச்சு.

வைரக்கண்ணு: அப்படியா... அவங்க வீட்ல என்ன விசேசம்?

கமருன்னிஸா: ஒரு விசேசமும் இல்ல. மாட்டுக் கொட்டகையில அடுக்கி வைக்கப் போறாங்களாம். உனக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான் விசேசம்.

வைரக்கண்ணு: மெட்ராஸ்ல ஆட்சி மாறி நாலு வருசமாச்சு. அந்த மாத்தம் ஏறின பஸ் இன்னும் பெரிய தெரு வரைக்கும் வரலை போலிருக்கு.

மூஸா: என்ன பண்ணச் சொல்றே? கடை நிக்கிற மனை அவரோடது. முடியாதுன்னு சொன்னா அடுத்த நாளே பன்னெண்டு லைட்டையும் என் தலையில தூக்கிக்கிட்டு நான் தெருவுல நிக்கணும்.

வைரக்கண்ணு: நான் உங்களைக் குத்தம் சொல்லலை பாய். போன சம்பா அறுப்புல கூலி கேட்டுக் கொடி நட்டோம்ல, அந்தக் கோவம் அவருக்கு. வெளியூர் ஆளை எறக்கிப் பாத்தாரு, முடியலை. இப்ப எம் மக கல்யாணத்துல வந்து நிக்குது. எங்க வீட்டுக் கல்யாணமெல்லாம் வாய்க்கால் கரையோட போனதுதான். இந்த ஒண்ணாவது... அந்தப் புள்ள அந்தத் தெரு வழியாத்தான் தினமும் பள்ளிக்கூடம் போகுது. பாடம் நடத்தப் போகலாம், மாலையோட போகக் கூடாதாம்.

கமருன்னிஸா: அழாதே தம்பி.

வைரக்கண்ணு: டீ சூடுக்கா.

மூஸா: கமரு, கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்த சீட்டை எடு. சத்தமாப் படி.

கமருன்னிஸா: ‘நாளை அஸ்தமனத்துக்கு காஸ் லைட் பன்னிரண்டு, ஆள் சகிதம், மிராசு வீட்டு வாசலில் சேர்க்க வேண்டியது.’ கையெழுத்துப் போட்டிருக்காரு.

மூஸா: நம்ம கடை லைட்டை எங்க ஏத்துவோம் வைரக்கண்ணு?

வைரக்கண்ணு: இங்கதான். எரியாத லைட்டை நீங்க வெளியில அனுப்ப மாட்டீங்க. பம்ப் அடிக்கத் தெரியாதவன் உடைச்சுப்புடுவான்னு.

மூஸா: இங்கேருந்து மிராசு வாசலுக்கு வழி?

வைரக்கண்ணு: பெரிய தெருதான். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்.

மூஸா: தூக்கற ஆளு?

வைரக்கண்ணு: நான், மருதையன், வீரையன்... எல்லாம் எங்க ஆளுங்கதான். செவ்வந்திக்கு மாமனும் சித்தப்பனும்.

மூஸா: பக்கத்துக்கு ஆறு பேரா ரெண்டு வரிசை போனா, நடுவுல எவ்வளவு இடம் இருக்கும்?

வைரக்கண்ணு: தாராளமா ஒரு வண்டி போகும்.

கமருன்னிஸா: மாப்பிள்ளையும் பொண்ணும் உக்காந்த வண்டியா? யா அல்லா! ஏங்க, உங்களை அசடுன்னு நெனைச்சுக்கிட்டே முப்பது வருசம் குடித்தனம் பண்ணிட்டேனே!

மூஸா: ஆளுங்களையும் சேத்துக் கட்டிப்போட்டா பொண்ணு கூட நடக்க நாதியிருக்காதுன்னு கணக்கப்பிள்ளைக்குக் குஷி. எத்தனை கல்யாணத்துல உங்களைப் பாத்திருக்கான்! லைட்டுக்குக் கீழ மொகம் இருக்கறது அவன் கண்ணுல படவே இல்ல.

வைரக்கண்ணு: லைட்டை அவங்க வாசல்ல எறக்கின பின்னாடி?

மூஸா: மதகு தாண்டினா உன் தெரு. அரை பர்லாங்கு. கண்ணை மூடிக்கிட்டே போயிடலாம். மறுநாள் மிராசு என்னைக் கேட்டா, ‘ஐயா, நீங்க கேட்ட லைட்டும் ஆளும் உங்க வாசலுக்கு வந்துச்சா இல்லையா? நடுவுல யாரு போனாங்கன்னு லைட் கடைக்காரன் பாக்க முடியுமா?’ன்னு சீட்டை நீட்டிட்டுப் போறேன்.

வைரக்கண்ணு: எல்லாம் சரி பாய். எம் மக கல்யாணத்துக்கும் நான்தான் சுமக்கணுமா?



மூஸா: வேண்டாம். நீ வண்டி பக்கத்துல நட. உன் லைட்டு என் தலைக்கு.

கமருன்னிஸா: அரிசி மூட்டையைப் பாத்தாலே இடுப்பைப் பிடிக்கிற மனுசன்!

மூஸா: இருக்கட்டும். அந்த டீச்சர் சொன்ன லைட்டு எந்த லைட்டுன்னு என் கழுத்தும் ஒருநாள் பரீட்சை எழுதட்டும். மூணாம் நம்பர் மட்டும் வேண்டாம்.

வைரக்கண்ணு: உங்களுக்கு மூணுதான். சும்மாடு நான் சுத்தி விடறேன்.

மூஸா: சிரிக்காதே. ஒரு சிக்கல் இருக்கு, அதைச் சொல்ல முடியாமத்தான் வந்ததுலேருந்து மேண்டில், ஒழுகுதுன்னு சுத்திக்கிட்டு இருந்தேன். அவன் லைட்டை மட்டும்தான் கேட்டான். ‘ஆளில்லாம எங்க கடை லைட்டு நகராது, வைரக்கண்ணு வாசல்ல போய் வெத்திலை வைங்க’ன்னு சொல்லி, சீட்டுல ‘ஆள் சகிதம்’னு எழுத வச்சு அனுப்பினது நான்தான். உங்க ஆளுங்க அந்த வீட்டு வெத்திலையைத் தொட மாட்டோம்னு போன அறுப்புல சொன்னீங்க. நீ அவனைத் துரத்தி விட்டிருந்தியானா எல்லாம் பாழ்... உண்மையைச் சொல்லு வைரக்கண்ணு, ரெத்தினம் வந்தானா? நீ அந்த வெத்திலையை எடுத்தியா இல்லையா?

வைரக்கண்ணு: எட்டு மணிக்கே வந்தாரு பாய், ‘ஆள் சகிதம்’னதுமே வழி புரிஞ்சுபோச்சு, சிரிக்காம எடுக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. நீங்க எங்க பக்கம்தானான்னு தெரிஞ்சுக்கத்தான் நேரா இங்க வந்தேன். அரை மணியா ருசிச்சு மெல்லுறீங்களே கும்பகோணம் கொழுந்து, அது வேற யாரு வெத்திலைன்னு நெனைச்சீங்க?