மவுத்துச் செய்தி போட மாட்டேன்

போட மாட்டேன்னா போட மாட்டேன் ரிஃபாயி. அந்தப் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டாத. ஹசன் அலி காக்கா மவுத்தானது எனக்கும் தெரியும். பள்ளிவாசல் மைக்குல சொன்னது என் வீட்டுக்குள்ளயுந்தான் கேட்டுச்சு. மய்யித்தைப் பாத்துட்டு இப்பத்தான் வாரேன். சாயந்திரம் அஸர் தொழுகைக்கு அடக்கம், அதுவும் தெரியும். நல்ல மனுசன். அதுக்காக என் பிளாக்குல போடணுமா?

போன மாசமே எழுதிட்டேனேப்பா. இனிமே இதுல மவுத்துச் செய்தி வராது, எதுக்கு ஆரம்பிச்சேனோ அதை மட்டும் எழுதப் போறேன்னு. படிக்கலையா? எப்படிப் படிப்ப. அதுல யாரும் சாகலையே.

வாட்ஸ்அப்புல போட்டா எவனும் நம்ப மாட்டேங்கிறானா? சஃபீர் பிளாக்குல வந்தாத்தான் நம்புவாகளாக்கும். அடேங்கப்பா. உக்காரு. சங்கத்துச் செயலாளரு வேகாத வெயில்ல வந்திருக்க, கேட்டுட்டுப் போ.

ஷார்ஜாவுல சூப்பர் மார்க்கெட்டுல சாமான் அடுக்கிக்கிட்டு இருந்தப்ப ஆரம்பிச்ச பிளாக்கு இது. நம்ம ஊருக் கெணத்துத் தண்ணி ஏன் உப்பாப் போச்சுன்னு மூணு பாகம் எழுதுனேன். ஏர்வாடியிலருந்து மண்டபம் வரைக்கும் கடல்ல பாசி எடுக்கப் போற பொம்பளைக கையெல்லாம் எப்படிக் கிழிஞ்சு கெடக்குன்னு எழுதுனேன். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து எழுதுனது. பாத்தது பத்துப் பேரு. அதுலயும் பாதி நானே. எவனாச்சும் கமெண்ட் போட்டானான்னு தெறந்து தெறந்து பாத்தது.

அப்புறம் ஊருல ஒருத்தரு மவுத்தாப் போனாரேன்னு சும்மா ரெண்டு வரி போட்டேன். திபுதிபுன்னு வந்தாய்ங்க பாரு. துபாய், மலேசியா, புருணை. உப்புத் தண்ணிக்கு எட்டிப் பாக்காத பயலெல்லாம் மய்யித்துக்கு வந்து நிக்கிறான். அதோட முடிஞ்சுச்சு நம்ம எழுத்து.

என்னது, சேவையா? நல்லா வந்துரும் வாயில.

நம்ம ஊருல ஒரே பேருல ஒம்பது ஆளு இருக்கான். இன்னாரோட மகனும், இன்னாரோட மருமகனும், இன்னாரோட மச்சானும்னு வரிசையாப் போட்டாத்தான் எந்த வீட்டு ஆளுன்னு தெரியும். அதுல ரெண்டாவது மருமகன் பேரு விட்டுப் போச்சுன்னு ஒருத்தன் குவைத்துலருந்து போனைப் போட்டு ஏசுறான். மாமனாருக்கு ஒரு நாளாச்சும் மாத்திரை வாங்கிக் குடுத்திருப்பானா அவன்? பேரு மட்டும் வந்துரணும்.

கமெண்டு போடுற லட்சணம் அதுக்கு மேல. துஆ செய்யி, வேணாங்கல. மனசார ஒரு வரி எழுது. இவிய்ங்க முந்தின மய்யித்துக்குப் போட்டதையே எடுத்து இதுக்கும் ஒட்டுறாய்ங்க. போன மாசம் மவுத்தானது ஒரு பொம்பள. அன்னாரின் மனைவிக்கு அல்லாஹ் பொறுமையைத் தருவானாகன்னு கெடக்கு கீழ. யாரு போட்டதா? உங்க சங்கத்துத் தலைவருதான். சிரிக்காத. அன்னைக்குத்தான் போதும்னு முடிவு பண்ணேன்.

ஹசன் அலி காக்கா மேல கோவமா? யாரு சொன்னா? ஏலே, பிளாக்கு பாஸ்வேர்டையே அவருட்டதான குடுத்து வச்சிருந்தேன். நான் அங்கன கெடந்தா இங்கன யாரு மவுத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்? மைக்குல சொன்னதும் அவரு போட்டுருவாரு. என்ன வேகங்கிற. மைக்கை அணைக்கிறதுக்குள்ள செய்தி வந்துரும். ஒரு பேரு விட்டுப் போகாது. அந்த விசயத்துல கெட்டிக்காரரு.

ஒரு நாளு காலையில ஷார்ஜா ரூம்ல எல்லாப் பயலும் ஒரு தினுசா இருக்காய்ங்க. அன்னைக்குச் சட்டி கழுவ என் முறை, கழுவ விடல. ஒருத்தன் டீயைப் போட்டு என் கையில குடுக்குறான். நம்ம வழக்கம் தெரியும்ல, வெளிநாட்டுல இருக்கவனுக்குச் சட்டுன்னு சொல்ல மாட்டாக. மொதல்ல உடம்பு முடியலம்பாக, அப்புறம் ஆஸ்பத்திரிம்பாக, கடைசியா நம்ம ஊருப் பெரியாளு யாராச்சும் வந்து பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுவாக. அந்தப் பெரியாளு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காய்ங்க. எனக்கு என்ன தெரியும்? வேலைக்குப் போற வேன்ல ஏறி உக்காந்தேன். எப்பவும் போல என் பிளாக்கைத் தெறந்தேன், கமெண்டு ஏதும் வந்திருக்கான்னு. நெறைய வந்திருந்துச்சு.

மேலத்தெரு மர்ஹூம் மதினா சாகிபு அவர்களின் மகனும், ஷார்ஜாவில் இருக்கும் சஃபீர் அவர்களின் தகப்பனாருமாகிய சதக்கத்துல்லா அவர்கள்.

எங்க வாப்பாதான். ஒரு பேரு விட்டுப் போகல.

விடு. அவரு வேணும்னா செஞ்சாரு? மைக்குல சொன்னாக, கை தன்னால போட்டுருச்சு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்த மனுசன் என்னை நேராப் பாத்துப் பேசல. நானும் அதைப் பத்திக் கேக்கல.

இப்ப நீ சொல்லு. அவரு மகன் மதாரு ரியாத்துலதான இருக்கான். அவனுக்குச் சொல்லியாச்சா?

தரையைப் பாக்காத, என்னைப் பாத்துச் சொல்லு.

டூட்டியில போன் வச்சிக்கக் கூடாதா. மதியம்தான் கைக்கு வருமா. வந்ததும் ரூம்ல உள்ளவக பக்குவமாச் சொல்லுவாகளா. நெனச்சேன். போனு கைக்கு வந்ததும் அவன் மொதல்ல எதைத் தெறப்பான்? அதுக்குள்ள லிங்கை க்ரூப்புல தள்ளணும்னு இங்கன வந்து நிக்கிற. சேவையாம் சேவை. தூ.

குடு அந்தப் போனை. பிளாக்குக்கு இல்லலே. அவன் வேலை பாக்குற கம்பெனி நம்பரைப் போட்டுக் குடு. குடுத்துட்டு நீ வெளிய போயி நில்லு.